பூமிசாத்திர வாத்தியார்

லாசால், மொன்றியல்
15.01.2006

அன்புள்ள தம்பி கிறிஸ்தோப்பருக்கு,

அக்கா யோசெப்பின் எழுதுவது. முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பல்கேரியக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும்.

டெலிபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். டெலிபோனில் நீ நாலு தரம் "ஓம் அக்கா" சொல்லிவிட்டு, "கார்ட் முடியப்போகுது" என்று வைத்துவிடுகிறாய். கடதாசியில் அப்படித் தப்ப முடியாது.

போன கிழமை பேனாட் அத்தானின் இரண்டாம் ஆண்டுப் பூசை கொடுத்தேன். பூசை முடிய, எங்கள் பங்கில் எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிற அருமைநாதன் அண்ணை என்னைக் கூப்பிட்டு ஒரு விசயம் சொன்னார். புருசன், பிள்ளை, தாய், தகப்பன், கூடப்பிறந்தது என்று ஒருவருமே இந்த நாட்டில் இல்லாத ஆள், எந்த வயதாக இருந்தாலும் ஒரு சொந்தத்தை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாமாம். ஒன்றும் இல்லாததற்கு எனக்கு ஒரு பரிசு கிடைப்பது இதுதான் முதல் தரம்.

அங்கேயே இருந்து நிரப்பினோம். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, அம்மா இல்லை, அப்பா இல்லை. எல்லாப் பெட்டியிலும் இல்லை, இல்லை என்று எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தேன். லவாலில் சித்தியின் மகள் றெஜினா இருக்கிறாளே என்று அண்ணை கேட்டார். ஒன்றுவிட்ட தங்கச்சி சட்டத்துக்குக் கணக்கில்லையாம். எனக்கும் கணக்கில்லை. கோவிலும் இல்லை, குருவும் இல்லை, ஒரு வெள்ளைக்காரனோடு போய் இருந்துகொண்டு அதற்குக் கலியாணம் என்று பெயர். அந்தக் கதையை ஐந்து வருடத்துக்கு முன் உனக்கு எழுதியிருக்கிறேன்.

உன் பக்கத்துப் படிவத்தை நானே பென்சிலால் நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். 'திருமணம்: ஆகவில்லை' என்றும் எழுதிவிட்டேன். நாற்பத்தைந்து வயதுத் தம்பியிடம் அதையும் கேட்டா எழுத வேண்டும்? பென்சிலுக்கு மேலே பேனாவால் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. ஏஜென்சிக்காரன் உன்னை மொஸ்கோ வழியாகக் கொண்டுவந்து, நாளைக்கு ஜேர்மனி என்று சொல்லி அந்த ஊரில் விட்டுவிட்டு ஓடிப் பத்து வருடம் ஆகிறது. இனிப் போதும், வந்து சேர்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா


ரூசே, பல்கேரியா
18.02.2006

என் பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அத்தானின் பூசைக்கு நான் இல்லாமல் போனது மனவருத்தம். நீங்கள் அனுப்பின படிவம் கிடைத்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐரோப்பா படிப்பித்த காலத்தில் பல்கேரியாவுக்குப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரிதான் இருந்தது. ரோசாப்பூ எண்ணெய், தயிர். நானும் அதையே கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவேன். இப்போது அந்தப் பிள்ளைகளைக் கண்டால் மன்னிப்புக் கேட்கலாம் போல இருக்கிறது. நாட்டின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு மலை கிடக்கிறது. 'பழைய மலை' என்றே அதற்குப் பெயர். வடக்கு எல்லை டானியூப் ஆறு. என் ஊர் அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது. கரையில் வேலை செய்யும்போது ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து போவதைப் பார்க்கலாம். தட்டுத் தட்டாக, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கருங்கடல் பக்கம் போகின்றன. படகுத் தளத்தில் என் வேலை வெல்டிங் நெருப்பால் இரும்பு ஒட்டுவது என்பதால் குளிர் பெரிதாகத் தெரியாது.

இங்கே ஓம் என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார்கள். இல்லை என்பதற்கு மேலும் கீழும். மற்ற வெளிநாட்டுக்காரர் இதில் படாதபாடு படுவார்கள். எங்கள் ஆட்டத்தைப் பார்த்து முதல் நாளே என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

மற்றது பிறகு எழுதுகிறேன். குளிருக்குள் கவனமாக நடவுங்கள்.

உங்கள் தம்பி,
கிறிஸ்தோப்பர்


லாசால்
19.03.2006

அன்புத் தம்பிக்கு,

இன்று சூசையப்பர் திருநாள். உனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நான் சுகம், நீ சுகமா என்று கேட்டால் அதற்கும் ஒரு ஆற்றின் நீளத்தைத்தான் எழுதுவாய்.

நான் கேட்டது கையெழுத்து. நீ அனுப்பியது பூமிசாத்திரப் பாடம். வாத்தியார் வேலையை விட்டுப் பதினைந்து வருடமாகியும் வாத்தியார்க் குணம் போகவில்லை. சரி, உன்னுடைய நாட்டைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற எங்கள் இடத்தில் வெசெல்கா என்று ஒரு பல்கேரியக்காரி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கரண்டியும் முள்ளும் பேப்பரில் சுற்றுகிற மேசையில் எனக்கு எதிரே நிற்கிறாள். அவளுடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே அளவுக்கு ஓட்டை என்பதால் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்குகிறது. முதலாம் திகதி சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நூலை என் கையில் கட்டிவிட்டாள். பங்குனி மாதத்துக்கு உங்கள் ஊரில் எல்லாரும் கட்டுவார்களாம். மந்திரித்த நூலோ என்று எனக்குச் சந்தேகம், ஆனாலும் கழற்றவில்லை. இந்த நாட்டில் எனக்கு யாரும் ஒன்றும் கட்டிவிட்டதில்லை.

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். வெள்ளி பின்னேரம் வேலை விட்டு வந்தால் திங்கள் காலை வெசெல்காவுக்கு "பொன்ஜூர்" சொல்லும்வரை எனக்கு வாய் திறக்க ஆளில்லை. ஞாயிற்றுப் பூசையில் பாடுகிறேன், அது கதைப்பதில் சேராது. டெப்பனர் கடையில் பால் வாங்கப் போனால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்கிறது. ஆகையால் கையெழுத்தை அனுப்பு. உன் படம் ஒன்றும் அனுப்பு, எவ்வளவு மெலிந்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
யோசெப்பின் அக்கா


ரூசே
30.04.2006

அன்பின் அக்கா,

நீங்கள் தனியாக இருப்பதை நினைத்து நான் நித்திரை கொள்ளாத நாட்களும் உண்டு. என் உடம்பு நல்ல சுகம்.

இந்த மாதம் ஆறு பெருகிவிட்டது. நூறு வருடத்தில் இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். படகுத் தளத்தில் தண்ணீர் இடுப்பளவு. இரண்டு கிழமை மணல் மூட்டை அடுக்கினோம். அதனால்தான் பதில் பிந்தியது.

நீங்கள் பூமிசாத்திரம் என்று பகிடி பண்ணினீர்கள், ஆகவே இந்த முறை சரித்திரம். எதிர்க்கரை ருமேனியா. எண்பதுகளில் அங்கே இருந்த ஒரு இரசாயனத் தொழிற்சாலையின் குளோரின் வாயு காற்றோடு இந்தப் பக்கம் வரும். இரண்டும் அப்போது கம்யூனிச நாடுகள், சகோதர நாடுகள். ஆற்றின் மேல் இருக்கிற பாலத்துக்கே நட்புப் பாலம் என்று பெயர். அதனால் புகை என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. இருமி இருமிப் பார்த்துவிட்டு, 1988 மாசியில் பெண்கள் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விசயம் இல்லை. அடுத்த வருடம் கார்த்திகையில் ஆட்சியே விழுந்துவிட்டது. அதில் போன ஒருத்தியின் வண்டியில் முன் சில்லு இறுகிச் சுற்றவில்லையாம். வழி முழுக்க வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே நடந்தாளாம். வண்டிக்குள் பதினாலு மாதப் பெண்பிள்ளை, தலையில் பச்சைத் தொப்பி.

அக்கா, ஒரு விசயம். மொன்றியலில் நுரையீரல் வருத்தத்துக்கு நல்ல வைத்தியம் இருக்கிறதா? பழைய வருத்தம், மூச்சு வாங்குகிறது. இங்கே தெரிந்த ஒருவர் கேட்கிறார்.

படிவம் பத்திரமாக இருக்கிறது.

தம்பி,
கிறிஸ்தோப்பர்


லாசால்
24.05.2006

என்னுடைய தம்பிக்கு,

கடிதம் கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சுகமில்லை, காரணம் நீ. தெரிந்த ஒருவராம். யாருக்குக் காது குத்துகிறாய்? பதினேழு வயதில் மாதாகோவில் மதிலுக்குப் பின்னால் சிகரெட்டோடு உன்னைப் பிடித்தது நான்தான், மறந்துவிட்டாயா? கையெழுத்து ஏன் வரவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது. மெடிக்கலில் நெஞ்சுப் படம் எடுத்தால் பிடிபட்டுவிடுவாய் என்று பயம்.

அருமைநாதன் அண்ணையிடம் கேட்டேன். முதலில் வைத்தியம் செய்து சுகப்படுத்திவிட்டு மெடிக்கலுக்குப் போகலாமாம். ஆகவே இன்றோடு சிகரெட்டை விடு. இதோடு ஒரு பொதி அனுப்புகிறேன். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, விக்ஸ் இரண்டு போத்தல். சின்னப் போத்தலில் இருப்பது சூசையப்பர் மலைக்கோவில் எண்ணெய். முழங்கால் நோவோடு அத்தனை படியும் ஏறி, உன் பெயரைச் சொல்லி மன்றாடி வாங்கினது. படுக்கமுன் நெஞ்சிலே பூசு. கண்டவர் நிண்டவருக்குக் கொடுத்துவிடாதே.

சரித்திரப் பாடம் நன்றாக இருந்தது. ஆனால் இருபது வருடத்துக்கு முந்திய ஒரு பிள்ளையின் தொப்பி என்ன நிறம் என்று எந்தப் புத்தகத்தில் வாசித்தாய்? வாத்தியார்மார் இல்லாததையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

உன் சுகத்துக்காகச் செபிக்கும்,
அக்கா


ரூசே
02.07.2006

அன்பின் அக்கா,

பொதி வந்தது. எண்ணெயை நீங்கள் சொன்னபடி நெஞ்சிலே பூசினது. ஒரு கிழமைக்கு மூச்சு நன்றாக விட முடிந்தது. கொத்தமல்லித் தண்ணீரும் பிடித்தது. உங்களுக்குக் கோடி நன்றி. படி ஏறினதற்கு இன்னொரு நன்றி, இது தனியாக.

வேலை கூட. பிறகு எழுதுகிறேன்.

கிறிஸ்தோப்பர்


லாசால்
13.08.2006

அன்புத் தம்பி,

நலம்தானே? ஆறு வரியில் கடிதம் எழுத உனக்கு யார் பழக்கினது? மலையும் இல்லை, ஆறும் இல்லை. பகிடி பண்ணினதற்குக் கோபமா?

இங்கே புழுக்கம். பின்னேரங்களில் பல்கனியில் இருந்து பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களை எண்ணுகிறேன். உனக்கென்று பின் அறையைத் துப்புரவாக்கி, பேனாட் அத்தானின் கட்டிலைப் போட்டிருக்கிறேன். யன்னலால் ஒரு மேப்பிள் மரமும் பக்கத்து மாடிக் கட்டடமும் தெரியும். ஆறு வேண்டுமென்றால் சென் லோறன்ஸ் ஆறு பஸ்ஸில் பத்து நிமிடம்.

எண்ணெய் முடிந்தால் எழுது, இன்னும் வாங்கலாம்.

அக்கா


லாசால்
17.09.2006

தம்பி,

இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ தந்த நம்பருக்கு எடுத்தேன். ஒரு பெட்டைப்பிள்ளை எடுத்து ஏதோ சொல்லி அழுதது. பிழையான நம்பர் என்று வைத்துவிட்டேன்.

படிவத்துக்குத் தவணை மார்கழியோடு முடிகிறது. அதற்குப் பிறகு எல்லாம் முதலில் இருந்து. வரப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. நீ உயிரோடு இருக்கிறாய் என்றாவது எழுது. எனக்கு இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். அந்தப் பெட்டிகளில் இல்லை, இல்லை என்று எழுதும்போது உன்னை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

யோசெப்பின்


ரூசே
08.10.2006

அன்பின் அக்கா,

உயிரோடு இருக்கிறேன். உங்களைப் பயப்படுத்தினதற்கு மன்னியுங்கள்.

படிவம் இதோடு வருகிறது. நீங்கள் பென்சிலால் எழுதின எல்லாவற்றையும் பேனாவால் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். நான் வருகிறேன். இங்கே இனி எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

படம் கேட்டீர்கள். போன கிழமை எங்கள் கட்டடத்து வாசலில் எடுத்தது. மெலிந்துதான் இருக்கிறேன்.

தம்பி


லாசால்
05.11.2006

கிறிஸ்தோப்பர்,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்கு என்னால் முடியவில்லை.

கடிதம் வந்த நாள் நான் அழுது, சிரித்து, அருமைநாதன் அண்ணைக்கு டெலிபோன் எடுத்து, வீட்டுக்குள் நான் ஒருத்தியே திருநாள் கொண்டாடினேன். அடுத்த நாள் படத்தை வேலைக்குக் கொண்டு போனேன். என் தம்பி வரப்போகிறான் என்று எல்லாருக்கும் காட்டினேன். உனக்குப் பக்கத்தில், கதவில், ஒரு பெண்ணின் படம் போட்ட கடதாசி ஒட்டியிருந்தது. அங்கே எலெக்சன் நடக்கிறது என்று வெசெல்கா சொல்லியிருந்தாள். அவளிடம் படத்தை நீட்டி, இந்த அம்மா எந்தக் கட்சி, வெல்லுவாவா என்று பகிடியாகக் கேட்டேன்.

வெசெல்கா கையுறையைக் கழற்றினாள். கண்ணாடியைப் போட்டாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். எலெக்சன் இல்லை, யோசெப்பின், என்றாள். அந்தக் கடதாசியின் கறுப்புக் கரையை விரலால் காட்டி, சொல் சொல்லாக வாசித்தாள். நாற்பது நாள். ராட்கா. ஐம்பத்திரண்டு வயது. உன்னை மறவாத கணவன் கிறிஸ்டோ, மகள் மிலேனா. கிறிஸ்டோ யார் என்று அவள் கேட்கவில்லை. கரண்டிகளை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்து, என்னுடையதையும் சேர்த்துச் சுற்றினாள். பெல் அடிக்கும்வரை நான் சும்மா நின்றேன்.

நுரையீரல் அவளுடையதா? எண்ணெய் பூசினது அவளுடைய நெஞ்சிலா? உன்னைச் சிகரெட் குடிகாரன் என்று திட்டி எழுதினேனே. அந்தப் படிகளில் உன் பெயரைச் சொல்லி மன்றாடினேன். அவளுடைய பெயர் தெரிந்திருந்தால் அவளுடைய பெயரைச் சொல்லியிருப்பேன். டெலிபோனில் அழுதது யார்? அந்தப் பிள்ளை அழ அழ டெலிபோனை வைத்தவள் நான்.

ஏன் சொல்லவில்லை? ஜனவரியில் ஒரு வரி எழுதியிருந்தால் மூன்று பெயரையும் அந்தப் படிவத்தில் எழுதியிருக்கலாம். படிவம் என் மேசையில் கிடக்கிறது. 'ஆகவில்லை' என்ற சொல்லின் மேல் உன் பேனா இரண்டு தரம் போயிருக்கிறது. அனுப்பவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.

பதில் எழுது. இந்த முறை ஆறும் மலையும் வேண்டாம்.

யோசெப்பின்


ரூசே
10.12.2006

என் அக்காவுக்கு,

சுகமில்லை. அதையும் இந்த முறை உண்மையாக எழுதுகிறேன்.

1997 மாரிக் குளிரில் இந்த நாட்டில் வங்கிகள் விழுந்தன, பாணுக்கு வரிசை நின்றது. நான் பாலத்தடியில் ஒரு லொறிக்குள் ஒளிந்து ருமேனியாவுக்குப் போகப் பார்த்துப் பிடிபட்டு விடப்பட்ட ஆள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்குக் கடைசிப் பாண் கிடைத்தது. பாதியை முறித்து என் கையில் வைத்துவிட்டு, சும்மா இல்லை, வந்து விறகு தூக்கு என்று கையால் காட்டினாள். வீடு மூன்றாம் மாடி. பத்து வயதுப் பிள்ளை ஒன்று கதவைத் திறந்தது. அந்தப் பிள்ளைதான் வண்டிக்குள் இருந்த பச்சைத் தொப்பி. முதல் புருசன் பிள்ளை பிறந்த வருடமே விட்டுவிட்டுப் போனவன்.

2000 கடைசியில் நகரசபையில் கலியாண எழுத்து எழுதினோம். உங்களுக்குச் சொல்ல மூன்று பக்கக் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கிழமைதான் றெஜினாவைப் பற்றிய உங்கள் கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் இன்னொரு ஆள் இப்படிச் செய்தால் எனக்கு அந்த ஆள் செத்த ஆள் என்று எழுதியிருந்தீர்கள். என்னுடைய கடிதத்தை அடுப்பில் போட்டேன். ராட்கா என்னிலும் ஏழு வயது மூப்பு, விவாகரத்து ஆனவள், எங்கள் கோவிலும் இல்லை. பிழை உங்களுடையது மட்டும் இல்லை, அக்கா. ஐந்து வருடம் பயந்துகொண்டு இருந்தது நான்.

உங்கள் படிவத்தை ராட்காவுக்குக் காட்டினேன். பென்சிலால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். என் பிறந்த திகதி என்று சொன்னேன். அந்தக் குளோரின் புகை அவளுடைய நெஞ்சில் இருபது வருடம் இருந்தது. எண்ணெய் பூசும்போது, உன் அக்காவின் கை சூடாக இருக்கிறது என்று சொன்னாள். ஆவணி இருபதாம் திகதி போய்விட்டாள்.

வீடு வெறுமையாக இருந்தது. உங்கள் கடிதம் வந்தது. கையெழுத்து வைத்தேன். ராட்காவை இல்லை என்று எழுதின கையால் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் படம் எடுத்த ஆளிடம் கதவும் தெரிய எடுக்கச் சொன்னேன். வெசெல்காவிடம் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னால் எழுத முடியாததை அவள் வாசிக்கட்டும் என்று விட்டேன். கோழை வேலைதான்.

இங்கே ஒருவர் செத்தால் அவருடைய கடதாசியைக் கதவிலும் பஸ் தரிப்பிலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஆண்டு, பிறகு வருடா வருடம் புதிதாக. ஒட்ட ஆள் இல்லாத கதவுகளும் இந்தத் தெருவில் இருக்கின்றன. மழை பட்டு முகம் போய் வெறும் கறுப்புக் கரை மட்டும் நிற்கும். முதலாம் திகதி இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருகிறது. எல்லாரும் வெடி வாங்கி வைத்திருக்கிறார்கள். மிலேனா அடுத்த கிழமையே பஸ் ஏறி ஸ்பெயினுக்கு வேலைக்குப் போகிறாள். பத்து வருடத்துக்கு முன் நான் லொறிக்குள் ஒளிந்து கடக்கப் பார்த்த பாலத்தை அவள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கடப்பாள். அவளும் போனால் கடதாசி மாற்ற நான்தான்.

அக்கா, நான் வரவில்லை. படிவத்தைக் கிழித்துவிடுங்கள். நீங்கள் தனியாக இருப்பது தெரிந்தே எழுதுகிறேன்.

கிறிஸ்தோப்பர்


லாசால்
14.01.2007

என் அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா? கையில் கூச்சம் என்று பட்டினி கிடக்காதே. அந்தச் சொல்லை முதலில் எழுதினது என் பென்சில்.

உன் கடிதத்தை வாசித்து மூன்று கிழமை ஆகிறது. வந்துவிடு என்று கெஞ்சி ஒன்று, உன்னைத் திட்டி ஒன்று என்று இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதாகப் படிவத்தைக் கிழித்தேன். அருமைநாதன் அண்ணைக்கு ஒரு வருட உழைப்பு வீணாகப் போன கோபம். எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கட்டிலை இன்னும் மடிக்கவில்லை. பின் அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

செத்த ஆள் என்று எழுதினது நான்தான். எழுதும்போது அது றெஜினாவுக்கு என்று நினைத்தேன். ஒரு பெண் ஐந்து வருடம் என் தம்பிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு இல்லாத ஆளாக இருந்திருக்கிறாள். நேற்று றெஜினாவுக்கு டெலிபோன் எடுத்தேன். அவளுடைய மகன் எடுத்து "பொன்ஜூர்" என்றான். நான் டெலிபோனை வைத்துவிட்டேன். நாளைக்கு மறுபடி எடுப்பேன்.

ஆவணியில் இரண்டு கிழமை லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டுக் கடதாசியை ஒட்ட வருகிறேன். பிறகு நீ அங்கே, நான் இங்கே, அது அப்படித்தான் இருக்கும். மிலேனாவின் ஸ்பெயின் விலாசத்தை அனுப்பு. மருமகளுக்கு ஒரு குளிர்ச்சட்டை பின்னத் தொடங்கிவிட்டேன். பச்சை பிடிக்குமா என்று கேட்டு எழுது.

மாசி இருபதோடு ஆறு மாதம். புதுக் கடதாசி ஒட்டுவாய். எங்கள் முறைப்படியும் ஒன்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வெசெல்காவிடம் கேட்டேன், வேறு பாஷையில் ஒட்டினால் யாரும் கிழிக்கமாட்டார்கள் என்றாள். உங்கள் கடதாசிக்குப் பக்கத்தில் ஒட்டு. அந்தத் தெருவில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, பரவாயில்லை.

ஆறாம் மாத நினைவஞ்சலி
திருமதி ராட்கா கிறிஸ்தோப்பர்

பல்கேரியா ரூசேயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி ராட்கா கிறிஸ்தோப்பர் அவர்கள் 20.08.2006 அன்று இறைவனடி சேர்ந்தார். அன்னார், கிறிஸ்தோப்பரின் அன்பு மனைவியும், மிலேனாவின் பாசமிகு தாயாரும், யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த காலஞ்சென்றவர்களான அந்தோனிப்பிள்ளை, திரேசம்மா தம்பதிகளின் அன்பு மருமகளும், யோசெப்பினின் அருமை மைத்துனியும் ஆவார்.

இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தகவல்: யோசெப்பின் பேனாட் (மச்சாள்), மொன்றியல், கனடா.